பயம் தெளிந்தால் மூச்சும் தெளியும்

(சின்னசேலத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் இருபது நிமிடம். "உன் தொழிலைப் பற்றி ஏதாவது பேசுப்பா" என்றார்கள். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் காற்றழுத்தக் கம்ப்ரஸர் தயாரிக்கும் வேலையில் இருப்பவன். பெரிய பெரிய கம்ப்ரஸரைப் பற்றிப் பேசினால் பின் வரிசை தூங்கிவிடும். அதனால், உங்களில் பலர் பார்த்திருக்கக்கூடிய மிகச் சின்னக் கம்ப்ரஸர் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு மூச்சு மருந்து கொடுக்கும் நெபுலைசர். நம் ஊர்ப் பக்கம் "புகை வைக்கிறது" என்று சொல்வார்களே, அதுதான். என்னடா இது, இஞ்சினியர் வந்து வைத்தியம் பேசறானேன்னு நினைக்க வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் டாக்டர் பாடு. மருந்து போய்ச் சேருகிறதா, சேரவில்லையா என்பது நம்ம பாடமும்கூட.

நம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் கல்வராயன் மலையடிவாரத்தில் விடியற்காலைப் பனி எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் களமெல்லாம் தூசி. விறகடுப்புப் புகை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இரண்டு வயசுக் குழந்தைக்குச் சளி பிடித்தால், சிலருக்கு நெஞ்சில் "விசுக் விசுக்"கென்று சத்தம் கேட்கும். இளைப்பு என்பார்கள், வீசிங் என்பார்கள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நெபுலைசர் வைங்க" என்பார். அப்புறம் நடப்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கருவியைப் பார்ப்போம். ஒரு சின்ன மோட்டார், ஒரு பிஸ்டன். நிமிஷத்துக்கு சுமார் 6 முதல் 8 லிட்டர் காற்று குழாய் வழியாகப் போகிறது. ஆஸ்பத்திரியில் அதே வேலையை ஆக்சிஜனை வைத்தும் செய்வார்கள். மருந்துக் கிண்ணத்தின் அடியில் ஊசித்துளை போல ஒரு வாய். காற்று அதில் வேகமாகப் பாயும்போது பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. கிண்ணத்தில் உள்ள 3, 4 மி.லி. மருந்து மேலே இழுக்கப்பட்டு, காற்றில் அடிபட்டுத் தூளாகிறது. நம் பேராசிரியர் கரும்பலகையில் போட்ட பெர்னூலி சமன்பாடுதான், வேறொன்றுமில்லை. பெரிய துளிகள் உள்ளே இருக்கும் தடுப்பில் மோதித் திரும்ப விழுந்துவிடும். 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகளே நுரையீரலின் கிளைக்குழாய் வரை போகத் தக்கவை. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு பொடி என்று புரியும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஆவி பிடிப்பதல்ல. வருவது சூடான புகையும் அல்ல, குளிர்ந்த பனி மாதிரி ஒன்று. கொதிக்கும் தண்ணீரை வைத்துக் குழந்தைக்கு ஆவி பிடிக்கப் போய்ச் சுட்டுக்கொண்ட கதைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

"இவ்வளவு பாடு எதுக்கு? சிரப் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சால்பியூட்டமால் சிரப் 5 மி.லி.யில் பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு ஸ்பூன் சிரப்பும் இருபது அழுத்தலும் சமம். சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிய பிறகு கொஞ்சம் நெஞ்சுக்கு வருகிறது. கை நடுக்கம், படபடப்பு எல்லாம் அந்தச் சுற்றுப்பயணத்தின் செலவு. மூச்சு வழியாகக் கொடுத்தால் கொஞ்ச மருந்து, வேண்டிய இடத்துக்கே, சில நிமிஷங்களில் போய்விடுகிறது. ஆகவே முறை நல்ல முறைதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

இப்போது குழந்தையின் பக்கத்தில் இருந்து பார்ப்போம். ஏற்கனவே மூச்சு வாங்குகிறது. பெரியவர்களுக்கே மூச்சு முட்டினால் உயிர் போகிற பயம் வரும். அந்த நேரத்தில், தெரியாத ஒரு இடம். மேஜைமேல் "டர்ர்ர்" என்று ஒரு இயந்திரம். பிளாஸ்டிக் வாடை. முகத்தின் மேல் ஒரு மூடி; அதிலிருந்து சில்லென்று ஏதோ கண்ணில் அடிக்கிறது. காலை ஒருவர், கையை ஒருவர், தலையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்திருப்பது யார்? அம்மாவும் பாட்டியும்! மூச்சு விட முடியாத குழந்தைக்கு, மூச்சு விடும் வழியையே எல்லோரும் சேர்ந்து அடைக்கிற மாதிரி தெரிகிறது. அது அழுவது பிடிவாதம் அல்ல; தன்னிடம் இருக்கிற அறிவை வைத்து அது செய்யக்கூடிய நியாயமான காரியம் அது ஒன்றுதான்.

"அழுதா என்ன, அழும்போதுதான் மூச்சை நல்லா இழுக்கும், மருந்து உள்ளே போகும்" என்று ஒரு பேச்சு உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நானே பல தடவை கேட்டிருக்கிறேன். அது தவறு. அழுகிற குழந்தை நீளமாக மூச்சை வெளியே விடுகிறது. பிறகு வெடுக்கென்று ஒரு இழுப்பு. காற்று அவ்வளவு வேகமாக உள்ளே போனால், அதில் மிதக்கும் துளி தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். வேகமாக வரும் லாரி வளைவில் திரும்பாமல் வயலில் இறங்குவது போலத்தான். ஒட்டிய மருந்து வயிற்றுக்குப் போகும். 1999-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மூச்சு வழியாக மருந்து கொடுத்த குழந்தைகளின் சிறுநீரில் எவ்வளவு மருந்து வருகிறது என்று அளந்து பார்த்தார்கள். அழுத குழந்தைகளின் உடம்பில் சேர்ந்த மருந்து, அமைதியாக இருந்த குழந்தைகளைவிட மிகக் குறைவு.

"சரி, அழுகுதேன்னு மூடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கலாமே" என்றால், அதுவும் உதவாது. முகத்துக்கும் மூடிக்கும் இடையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தாலே மருந்து பெருமளவு வெளிக்காற்றில் போய்விடுகிறது. பனி முகத்தில் படுவது நம் கண்ணுக்குத் தெரியும், மனசுக்குத் திருப்தி. நெஞ்சுக்குப் போவது அற்பம். தூங்கும்போது வைக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். மூடி பட்டதும் பல குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து, முன்னைவிட அதிகமாகப் பயப்படும்.

ஆகவே நண்பர்களே, குழந்தையின் பயத்தைப் போக்குவது ஏதோ இரக்கப்பட்டுச் செய்யும் உபரி வேலை அல்ல. அது வைத்தியத்தின் ஒரு பகுதி. மூடி முகத்தில் சரியாகப் பொருந்த வேண்டும், குழந்தை நிதானமாக மூச்சு விட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மருந்துக்கு அர்த்தம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கிடையே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாமல், பேச முடியாமல், துவண்டு மயங்கினால், அப்போது விளையாட்டுக் காட்ட நேரமில்லை. அழுதாலும் சரி, ஆக்சிஜனும் மருந்தும் உடனே போக வேண்டும். அந்த நேரம் டாக்டர் சொல்வதே சட்டம். நான் சொல்வது, அதற்கு முந்தைய நிலையில் வரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு.

என் அக்கா மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது இப்படித்தான் இளைப்பு வந்தது. முதல் தடவை போன இடத்தில் நாலு பேர் பிடித்து அமுக்கி வைத்தார்கள். அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே அலறும். அடுத்த தடவை வேறோர் இடம். அங்கிருந்த நர்ஸம்மா ஒருவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை. புது மூடி ஒன்றை எடுத்து, மருந்து ஊற்றாமல், குழந்தை கையில் கொடுத்தார். "பாப்பா, உங்க மாமாவுக்கு மூச்சு வாங்குதாம். நீதான் டாக்டரு. மூக்கு மேல வெச்சு விடு பாப்போம்" என்றார். அது என் முகத்தில் வைத்தது. நான் இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். "மாமாவுக்குச் சரியாப் போச்சா?" என்று கேட்டது. பிறகு பொம்மைக்கு. பிறகு அவர் சுவிட்சைப் போட்டுக் காட்டி, "பம்பு செட்டு ஓடுது பாத்தியா? தண்ணிக்குப் பதிலா மேகம் வருது" என்றார். கை நீட்டி அந்த மேகத்தைப் பிடித்தது. இவ்வளவுக்கும் ஆன நேரம் நாலைந்து நிமிஷம். அக்கா மடியில் உட்கார்ந்து தானே மூடியைப் பிடித்துக்கொண்டது. போன தடவை நாலு பேர் செய்த வேலையை இந்தத் தடவை ஒரே ஒரு அம்மையார் செய்தார்.

அந்த அம்மையார் எந்த டிசைன் புத்தகமும் படித்தவர் அல்ல. ஆனால் நம் துறையில் பெரிய பெயர் எடுத்த ஒரு வேலையும் இதே வழியில்தான் நடந்தது. அமெரிக்காவில் ஜிஇ நிறுவனத்தில் டக் டீட்ஸ் என்று ஒரு வடிவமைப்பாளர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரங்களை வடிவமைத்தவர். தான் செய்த இயந்திரத்தைப் பார்க்கப் போன இடத்தில், ஸ்கேனுக்கு வந்த ஒரு சிறுமி அதைக் கண்டு பயந்து அழுவதைக் கண்டார். குழந்தைகள் அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பது சகஜம் என்று அறிந்தார். இயந்திரத்தின் உள்ளே ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. அறைக்கும் இயந்திரத்துக்கும் கடற்கொள்ளையர் கப்பல், விண்கலம் என்று வேஷம் போட்டார். இயக்குபவர்கள் சொல்ல ஒரு கதையும் எழுதிக் கொடுத்தார். பயந்து வந்த குழந்தை கப்பல் ஏற வந்த குழந்தையானது; மயக்க மருந்தின் தேவையும் குறைந்தது.

இன்னொரு செய்தி. 1955-இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகள் சூசிக்கு வயது 13, ஆஸ்துமா நோயாளி. அந்தக் காலத்தில் கண்ணாடிக் குப்பியில் மருந்தை ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி இழுக்க வேண்டும். "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஏன் டப்பாவில் வரக் கூடாது?" என்று அந்தப் பெண் அப்பாவிடம் கேட்டாள். அடுத்த ஆண்டே, 1956-இல், அளவாக மருந்து தெளிக்கும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது. இன்று உலகம் முழுவதும் சட்டைப் பையில் இருக்கும் கருவி, ஒரு குழந்தையின் கேள்வியில் பிறந்தது. குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் இஞ்சினியருக்கு லாபம்!

சரி, நம் வீட்டில் என்ன செய்யலாம்? சுருக்கமாகச் சொல்கிறேன்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தியே வேலை ஆரம்பம். "சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்று பயமுறுத்துவதை முதலில் நிறுத்துங்கள். பூச்சாண்டியாகக் காட்டிய ஆளிடமே போய், பயப்படாதே என்றால் குழந்தை எப்படி நம்பும்?

பொய் சொல்லாதீர்கள். "ஒண்ணுமே இல்லை, சும்மா" என்று சொல்லிவிட்டு மூடியை வைத்தால், அடுத்த முறை உங்கள் வார்த்தை செல்லாது. "சத்தம் வரும், சில்லுன்னு இருக்கும், வலிக்காது, ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பொதுவாக 5 முதல் 10 நிமிஷம்தான் ஆகும். குழந்தைக்கு நிமிஷம் தெரியாது, பாட்டு தெரியும்.

படுக்க வைத்துப் பிடிக்காமல் மடியில் உட்கார வையுங்கள். குழந்தையின் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். உங்கள் மூச்சு நிதானமாக இருந்தால் அதன் மூச்சும் நிதானத்துக்கு வரும். நிமிர்ந்து உட்காருவது நுரையீரலுக்கும் நல்லது.

மூடியைக் குழந்தையே பிடிக்கட்டும். "நீ பிடிக்கிறியா, அம்மா பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். "வைக்கலாமா, வேண்டாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள்; வேண்டாம் என்றால் நம்மிடம் பதில் இல்லை.

ஒரு வயதுக்குள் உள்ள கைக்குழந்தைக்குக் கதை புரியாது. அதற்கு அம்மாவின் குரலும் முகமும்தான் மருந்து. இரண்டு மூன்று வயதில் பொம்மைக்கு வைத்துக் காட்டுவது பலிக்கும். நாலைந்து வயதில் கதையும் எண்ணிக்கையும் பலிக்கும். செல்போனில் பொம்மைப் படம் காட்டுவதைப் பற்றிச் சிலர் முகம் சுளிப்பார்கள். இந்தப் பத்து நிமிஷத்துக்கு விட்டுவிடலாம். மூச்சு மருந்து கொடுக்கும்போது கார்ட்டூன் பார்த்த குழந்தைகளுக்குப் பயம் குறைந்ததாகத் துருக்கியில் நடந்த செவிலியர் ஆய்வுகள் சொல்கின்றன.

வீட்டில் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு இஞ்சினியர் யோசனை. அதை இரும்பு ஸ்டூல்மேல் வைக்காதீர்கள். ஸ்டூலே ஒலிபெருக்கி ஆகிவிடும். தரையில் ரப்பர் விரிப்பு போட்டு, குழாய் நீளம் விடுகிற அளவுக்குத் தள்ளி வைத்தாலே சத்தம் குறையும். துணி போட்டு மூட மட்டும் கூடாது. காற்று இழுக்கும் வழி அடைபட்டு மோட்டார் சூடாகும். மூடியும் மருந்துக் கிண்ணமும் ஒருவருக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீரை மருந்தோடு கலக்காதீர்கள். ஸ்டீராய்டு மருந்து வைத்திருந்தால் முகத்தைத் துடைத்து, வாயையும் சுத்தம் செய்யுங்கள். முக்கியமாக, இருமல் வந்ததெல்லாம் இளைப்பு அல்ல. டாக்டர் சொல்லாமல் நாமாகவே சுவிட்சைப் போடக் கூடாது.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. அது ஸ்பேசர். இன்ஹேலரின் முன்னால் பொருத்தும் ஒரு பிளாஸ்டிக் குடுவை. சின்னக் குழந்தைகளுக்கு அதன் நுனியில் மூடி. சத்தம் இல்லை, கரண்ட் வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறலாம். ஒரு அழுத்தல், ஐந்து முதல் பத்து மூச்சு, வேலை முடிந்தது. பத்து நிமிஷப் பயம் அரை நிமிஷமாகச் சுருங்குகிறது. உயிருக்கு ஆபத்தில்லாத இளைப்புக்கு இது நெபுலைசருக்குக் குறைந்தது அல்ல என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குழந்தைகள் அவசரப் பிரிவில் இருக்கும் நேரமும் குறைகிறதாம். விலைக்கு வாங்க முடியாத இடத்தில் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் அளவுக்குத் துளை போட்டு, பசை வைத்து இறுக்கி, 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது என்று 1999-இல் வெளியிட்டார்கள்.

இதில் நம் மாணவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. புது பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் இருக்கும். மருந்துத் துளிகள் அந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர்த்தினால் ஏற்றம் குறையும். அதிக மருந்து குழந்தைக்குப் போகும். துடைத்தால் உராய்வில் மறுபடி ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்தை இழுத்தோமே, அதே சமாச்சாரம் இங்கே ஒரு குழந்தையின் மூச்சைத் தீர்மானிக்கிறது.

"இன்ஹேலர் பழகிடும், அது கடைசி மருந்து" என்று பயப்படும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். குறைந்த மருந்து, நேரான வழி. அவ்வளவுதான் அது. பெரியவர்களின் இந்தப் பயத்தையும் நாம்தான் பேசித் தெளிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நல்ல காலம்தான். ஆனால் கல்வராயன் மலை மேல் இருக்கும் ஒரு தாய், மூச்சு வாங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கச்சிராயப்பாளையம் இறங்கி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். போன முறை அந்தக் குழந்தை அலறியது அவள் மனசில் இருக்கும். "ராத்திரி பாத்துக்கலாம், காலைல போலாம்" என்று தள்ளிப்போட அது ஒன்றே போதும். இளைப்பில் ஒரு ராத்திரி என்பது சின்ன விஷயம் இல்லை. அழுகையை நிறுத்துவது மட்டுமல்ல, அந்தத் தாய் அடுத்த தடவை தயங்காமல் கிளம்புவதும் இதில் அடக்கம்.

அதனால் சங்கத்துக்கு என் கோரிக்கை இது. ஆண்டுதோறும் கோப்பை, கேடயம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவ அலுவலரைக் கேட்டு, அவர்கள் வேண்டும் என்று சொல்கிற அளவில் குழந்தை மூடியோடு கூடிய ஸ்பேசர்களும், ஒரு பொம்மையும், உட்கார வசதியான ஒரு நாற்காலியும் வாங்கிக் கொடுப்போம். தம்பி தங்கைகளே, உங்கள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி இன்டர்நெட்டில் அலைய வேண்டாம். ஒரு நாள் குழந்தைகள் வார்டில், அனுமதி வாங்கி, ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கம்ப்ரஸரின் அதிர்வை எப்படிக் குறைப்பது, மூடியின் விளிம்பை நம் குழந்தைகளின் முகத்துக்கு எப்படிப் பொருத்துவது என்று பத்துத் தலைப்பு கிடைக்கும். செய்ததை டாக்டரிடம் காட்டாமல் எந்தக் குழந்தை மேலும் சோதிக்காதீர்கள். காட்டிவிட்டால், திருத்தம் சொல்ல அவர்கள் தயாராகவே இருப்பார்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.